வர்லே, வார்லே

என் மாமனார் இறந்த செய்தியைக் கேட்டு நான் சிரித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான், அதற்குப் பாதிக் காரணம் அவரேதான்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் மகர்பட்டா அலுவலகத்தில் மதியம் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸிடமிருந்து போன் வந்தது. "பாபா வார்லே" என்றாள். மராத்தியில் அதற்குக் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். எங்கள் வேலூர்ப் பக்கத்துப் பேச்சிலோ 'வரவில்லை' என்பதை 'வர்லே' என்போம். படுத்திருந்த பத்து நாளும் அந்த நர்ஸுக்கு மாமா தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'காப்பி வர்லே', 'டாக்டர் வர்லே' என்று புகார் சொல்லியே பாடம் நடத்தினார். பெண் தமிழில் தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, எக்ஸ்ரே அறையிலிருந்து இன்னும் வரவில்லையா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தேன். பிறகு அவள் இந்தியிலேயே, மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னாள்.

மாமா முதலில் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தார். ஓய்வு பெற்று வந்ததும் நாங்கள் இருக்கும் கிர்க்கிப் பகுதித் தமிழர்களுக்காக நாலு பக்கத்தில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். நிருபர், ஆசிரியர், சைக்கிளில் போய் வீடு வீடாகப் போடுகிறவர் எல்லாம் அவரே. பிறகு கண்டோன்மென்ட்டில் வார்டு உறுப்பினர் ஆனார். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனார் என்று சொல்ல முடியாது. மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு எங்கள் உயிரை வாங்கினார். காலை ஐந்து மணிக்கு வீடே எழுந்து நிற்க வேண்டும், அது ராணுவம். ரசத்தில் உப்பு குறைந்தால் எப்போது, ஏன், யாருடைய கவனக்குறைவு என்று விசாரணை நடக்கும், அது பத்திரிகை. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் உப்பு ஜாடியை அவர் பக்கம் தள்ளிவிடுவார்.

ஏழு மணிக்கு வாசலில் மனுவோடு ஆட்கள் நிற்பார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது தமிழில் எழுதிக் கொண்டுவந்தால், முதலில் சிவப்பு மையில் ஒற்றுப்பிழையைத் திருத்துவார், அப்புறம்தான் குழாய். ஆனால் போவார். அன்றைக்கே போவார். தண்ணீர் வரும்வரை அந்தத் தெருவை விட்டு நகரமாட்டார்.

இத்தனை திருத்தம் பார்த்தவர் உயிரோடு இருந்த ஒருவரைப் பத்திரிகையில் சாகடித்தார். அந்த ஒருவர் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அவருடைய நண்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு ஃபிட்டர் வரவில்லை. மாமா அவர் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது ஃபிட்டரின் மகள், மராத்திப் பள்ளியில் படித்த பெண். அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மாமா மராத்தியில் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். பெரியவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவள் தமிழில் "அப்பா வர்லே" என்றாள். பக்கத்து ஊரான தளேகாவில் அக்கா வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்பதுதான் அவள் சொல்ல வந்தது. இரண்டு பேரும் மரியாதைக்காக மொழி மாற்றிக்கொண்டதில் ஒரு மனிதர் போய்விட்டார்.

பத்திரிகை அன்று மாலையே அச்சுக்குப் போக வேண்டும். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதினார். இதழ் வந்த மறுநாள் ஃபிட்டர் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இன்னா எடிட்டரே, தப்பா போட்டுக்கீற? நான் இருவது வருசமா வேல செய்யறேன்? இருவத்திரெண்டு வருசம்! சாவ வேணா வுட்டுடு, சர்வீஸ்ல கை வெக்காத."

அடுத்த இதழில் மாமா திருத்தம் போட்டார். 'சென்ற இதழில் காலமான அன்பர் நலமாக இருக்கிறார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' இதை வைத்து நான் அவரைக் கேலி செய்யாத பொங்கல் கிடையாது. கேலி செய்தே பழகிவிட்டேன், அதுதான் தொந்தரவாகப் போயிற்று.

சங்கத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். வீட்டிலிருந்து ஒருவர் பேச வேண்டும். மகன் என்ற முறையில் என் கணவர்தான் பேசியிருக்க வேண்டும். அவருக்குத் தமிழில் நாலு வாக்கியத்துக்கு மேல் ஓடாது, அதனால் என்னிடம் தள்ளிவிட்டார். படைவீரர், பத்திரிகையாளர், மக்கள் தொண்டர் என்று மூன்று பத்தி எழுதிக்கொண்டு போனேன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியிருந்தேன். அவரைப் பற்றி எல்லாம் அதில் இருந்தது, எனக்கு அவர் யார் என்பது மட்டும் இல்லை.

கூட்டத்துக்கு ஃபிட்டர் கைத்தடியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்த அரைப் பக்கத்தை எடுத்துக் காட்டினார்.

"என்னப் பத்தி அவன் எழுதனத நானே உக்காந்து படிச்சேம்மா. நேர்மையானவன், கூப்ட்ட கொரலுக்கு ஓடி வர்றவன்னு போட்டுக்கீறான். என் சம்சாரம்கூட அப்பிடிச் சொன்னதில்ல. அன்னிக்கி ரெண்டு சோறு கூட சாப்ட்டேன். இன்னிக்கி நீங்கள்லாம் அவனப் பத்திப் பேசப் போறீங்க. உயிரோட இருக்கசொல்ல யாராச்சும் அவன் கைல சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. எனக்கு வேலை கிடைத்தபோது, மருமகள் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மாமா யாரிடமும் வாதம் பண்ணவில்லை. 'நம் வீட்டுப் பெண்ணுக்கு மகர்பட்டாவில் வேலை' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டு, அந்தச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் தானே சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மானம் போகிறது என்று இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோதும் நன்றி சொல்லவில்லை.

மேடையில் ஏறியதும் இதைத்தான் சொன்னேன். மூன்று பத்தியையும் மடித்து வைத்துவிட்டேன். "மாமா, உங்களால்தான் நான் வேலைக்குப் போனேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. அழுகை வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அத்தையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். இரவே அத்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தி தெரியாமல் காய்கறிக் கடையில் நான் விழித்தபோது, தனக்கும் தெரியாது என்று சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு தைரியமாக நின்றது முதற்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தேன். அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"உண்மையச் சொல்லு. டாக்டரு என்னப் பத்தி உன் கைல இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல அத்தை. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. சும்மாத்தான் எழுதினேன்."

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பிடின்னா இன்னொரு தடவ படி. மெதுவாப் படி."