ஆறு ஓட்டையும் ஒரு ரைட்டும்

படப்பைப் பக்கம் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லப்பனின் கையை எவ்வளவு நம்பினார்களோ, அவ்வளவுக்கு அவர் சொல்லும் ஒற்றைச் சொல்லையும் நம்பினார்கள். வேலை முடிந்ததும் வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்டு, எடு" என்பார். அதற்கப்புறம் எந்த டிரைவரும் மறுபேச்சுப் பேசமாட்டான். பகலில் மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டும் டர்னர் அவர். ஷிப்ட் முடிந்து வந்து தகரக் கொட்டகையில் வண்டி பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர், தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், அந்தச் சொல்லை ஒருமுறை தப்பாகச் சொல்லிவிட்டார். யாருக்குத்தான் தப்பு வராது? ஆனால் தப்பு வந்தபின் அவர் நடந்துகொண்டார் பாருங்கள், அது எல்லாருக்கும் வராது.

ஒரகடத்துப் பக்கம் கன்னியர் நடத்திய சின்ன மருந்தகம் ஒன்றிருந்தது. அவர்களுக்கு எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து தானமாக வந்த பெட்ரோல் லாரி ஒன்று. பின்னால் கூண்டு கட்டி, பெஞ்சு போட்டு, செவ்வாய்தோறும் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிப் பெண்களை ஏற்றிவந்து நர்ஸ் கிளாரா பரிசோதிப்பாள். பஸ்ஸுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டிய ஊர்களில் அந்த வண்டி வராவிட்டால் வைத்தியமே கிடையாது.

அந்த லாரியை டிரைவர் ராஜாமணி ஒருநாள் எல்லப்பனின் கொட்டகைக்கு ஓட்டி வந்தார். சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"இன்னா ராஜாமணி, வண்டியா இது? நெல்லு மிஷினா?"

"நீ வேற எல்லப்பா! உள்ள ஒரே பொக. நர்ஸம்மாவுக்கு வாராவாரம் தலவலி."

எல்லப்பன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இன்ஜினின் விலாவில், புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் கனமான வார்ப்பிரும்பு மேனிபோல்டில் வரிசையாக ஆறு ஓட்டைகள். அந்த வண்டி பிறந்த தேசத்தில் புகையைச் சுத்தம் செய்ய அதற்குள் காற்றை ஊதும் பம்பு ஒன்று வைப்பார்களாம். பம்பு இறுகிப்போனதும் யாரோ புண்ணியவான் அதையும் குழாய்களையும் கழற்றிவிட்டு, ஓட்டைகளைச் சிமெண்டைக் குழைத்து அப்பி அனுப்பியிருக்கிறான். சிமெண்டு உதிர்ந்து புகை நேராகக் கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

எல்லப்பன் விவசாய வீட்டுப் பிள்ளை. அவர் வளர்ந்த இடத்தில் குழாயில் ஓட்டையென்றால் பம்புசெட்டுக் கடையில் கால் இஞ்சு பிளக் வாங்கி, சணல் சுற்றி, வெள்ளைப் பெயிண்டு தடவி முறுக்குவார்கள். கிணற்றடியில் பிறந்த கைக்கு வேறென்ன தோன்றும்? ஆறு பிளக் வாங்கி வந்து முறுக்கினார். இரண்டு சுற்றுப் போனதும் கிண்ணென்று பிடித்துக்கொண்டன. இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். புகை இல்லை. தட்டினார். "ரைட்டு, எடு."

அடுத்த செவ்வாய்க்கிழமை மணிமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. பாதி வழியில், ஏழு மாதம் முழுகாமலிருந்த செங்கமலம் பெஞ்சிலிருந்து அப்படியே சாய்ந்துவிட்டாள். கிளாரா கத்தினாள். ராஜாமணி கதவைத் திறந்து செங்கமலத்தை ரோட்டோரப் புளியமரத்தடியில் கிடத்தினார். காற்றுப்பட்டு, வாந்தியெடுத்து, கண் விழித்தாள். கிளாரா அவள் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. இரண்டு பிளக்குகள் எங்கோ தெறித்து விழுந்திருந்தன.

அன்றோடு அந்த ஊர்ப் பெண்கள் வண்டியில் ஏற மறுத்துவிட்டார்கள். பக்கத்து ஊர்களும் அப்படியே. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், யாரும் ஏறாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று மருந்தகத்தில் பேச்சு வந்தது.

"வண்டி பயசு, ரோடு மோசம், பிளக்கு தெறிச்சிடுச்சின்னு சொல்லிடலாம் எல்லப்பா" என்றார் ராஜாமணி. நல்லெண்ணம்தான்.

எல்லப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு செங்கமலத்தின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "வண்டி மேல குத்தமில்லம்மா. நான் ரைட்டுன்னு சொன்னேன் பாரு, அதான் குத்தம்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மனுஷனுக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. வீட்டில் மனைவி பாஞ்சாலி போட்ட சோறு அன்றைக்கு அப்படியே இருந்தது.

மறுநாள் மீதி நாலு பிளக்கையும் கழற்றினார். சணல் கருகிச் சாம்பலாகியிருந்தது. அதை விடுங்கள், பிளக்கின் திருகுப் புரியில் இரண்டே இரண்டுதான் ஓட்டைக்குள் பிடித்திருந்தது. ராஜாமணி சீட்டுக்கடியில் போட்டு வைத்திருந்த, பம்போடு கழற்றிய பழைய காற்றுக் குழாயின் முனையைத் தேடி எடுத்து, அதையும் பிளக்கையும் சோப்புக்கட்டியில் பக்கத்தில் பக்கத்தில் அழுத்திப் பார்த்தார். சேர்ந்து கிளம்பிய கோடுகள் போகப் போக விலகின. தொழிற்சாலையில் புரி அளக்கும் சீப்பை வைத்துப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று விளங்கியது. நம் ஊர் பிளக்குக்கு இஞ்சுக்குப் பத்தொன்பது புரி. அந்த ஊர் ஓட்டைக்குப் பதினெட்டு. இறுகியது என்று அவர் நினைத்தது இறுக்கமே இல்லை, சண்டை!

சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கி, ஷிப்ட் முடிந்தபின் லேத்தில் நின்றார். உடைந்த பம்புசெட் ஒன்றின் வார்ப்பிரும்பை எடுத்து, இஞ்சுக்குப் பதினெட்டுப் புரியாக ஆறு பிளக் கடைந்தார். மேனிபோல்டும் வார்ப்பு, பிளக்கும் வார்ப்பு. சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும், ஒன்றாகச் சுருங்கும். சணலும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. முறுக்கி, இன்ஜினைக் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினார்.

"இப்ப ரைட்டா?" என்று கேட்டார் ராஜாமணி.

எல்லப்பன் தட்டவில்லை. "ஞாயித்துக்கெயம அந்த ஊருக்குப் போலாம்" என்றார்.

ஞாயிறன்று எண்ணெய்க்கறை படிந்த காக்கியை விட்டுவிட்டு, பாஞ்சாலி நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். செங்கமலத்தின் தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஊரே பார்க்கக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தார்.

"கதவ வெளியில தாப்பா போடு. ஜன்னலயும் மூடு. ஒரகடம் போய்ட்டு வா."

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் கிளாரா. கடைசியில் ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டாள். அவள் முன்னால் உட்கார்ந்து அடிக்கடி தடுப்புத் தகரத்தைத் தட்டுவாள், அவர் உள்ளிருந்து திருப்பித் தட்ட வேண்டும்.

படப்பை தாண்டும்வரை தட்டுக்குத் தட்டு வந்தது. ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதில் வரவில்லை. மறுபடி தட்டினாள். இல்லை. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" ராஜாமணி ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், மனுஷன் தரைப்பலகையில் காதை வைத்துக் குப்புறப் படுத்திருக்கிறார்.

"சத்தம் கேட்டுகினு கீறேன், அதுக்குள்ள இன்னா அவசரம்? மூடு கதவ!"

கிளாராவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

திரும்பி வந்து தெருவில் நின்றபோது அங்கே கூட்டம் கூடியிருந்தது. கதவு திறந்தது. எல்லப்பன் வியர்வையில் தொப்பலாக நனைந்து இறங்கி நின்றார். ரைட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

செங்கமலம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். வண்டியை அவள் பார்க்கவேயில்லை. நேராக அவர்கிட்டே போய், அந்த வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். முதுகுப் பக்கமும் போய் முகர்ந்தாள்.

"பொக வாசன இல்ல" என்றாள். "வேர்வ நாத்தம்தான் கொடலப் புடுங்குது. போய்க் குளிண்ணே."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எல்லப்பன் மட்டும் முகத்தை அந்தச் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. ராஜாமணியின் பக்கத்தில் எல்லப்பனும் லீவு போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஆளாகச் செங்கமலம் ஏறினாள், பின்னாலேயே மற்ற பெண்கள் ஏறினார்கள். ராஜாமணி வண்டியைக் கிளப்பாமல் எல்லப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை.

கூண்டுக்குள்ளிருந்து தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது.

"ரைட்டு, எடு" என்றாள் செங்கமலம்.