ஆபீசர் மாப்பிள்ளையும் நூறு கோழிக்குஞ்சுகளும்

எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை ரோட்டை ஒட்டியிருந்த விமான நிலையத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் நான் பஸ் கண்டக்டர். அருப்புக்கோட்டையில் கிளம்பி திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று போய்த் திரும்புகிற தனியார் வண்டி. முதலாளி தவறிப்போனதும் பிள்ளைகள் வண்டியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தன் ஆட்களையே வைத்துக்கொண்டார். ஆறு மாதம் சும்மா அலைந்தேன். பஸ்ஸில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் விமான நிலையத்தில் லோடர் வேலை கிடைத்தது. வந்து நிற்கிற விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். வந்த பெட்டிகளை இறக்கி, போகிற பெட்டிகளை ஏற்ற வேண்டும். கிளம்பும்போது கட்டையை உருவிக்கொண்டு ஓடி வந்து ஒதுங்கி நிற்க வேண்டும்.

எட்டு வருஷக் கண்டக்டர் புத்தி ஒரே நாளில் போய்விடுமா? முதல் நாள் லோடு ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தியதும், என்னை அறியாமலே விமானத்தின் வயிற்றில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போகலாம்!" என்று கத்திவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் ஓடி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயரே 'ரைட்டு'தான்.

உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவ்வளவு பெரிய விமானம் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்க தினமும் அலுக்காது. ஆனால் அதை வெளியே சொல்ல மட்டும் கூச்சம். கண்டக்டராக இருந்தபோது தோளில் பையும் வாயில் விசிலுமாக ஒரு மிடுக்கு இருந்தது. இப்போது மூட்டை தூக்குகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஊரில் கேட்டவர்களிடம் "ஏரோப்ளேன்ல வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

பெண் பார்க்கும் தரகர் அந்தப் பாதியை வாங்கி மீதியைத் தானே முடித்துவிட்டார். பரளச்சியில் ஒரு சம்சாரி வீடு. கரிசலில் பருத்தியும் மிளகாயும் போடுகிறவர். அவருடைய இளைய மகளைப் பார்க்கப் போயிருந்தோம். நடு வீட்டில் உட்கார்ந்ததும் தரகர் ஆரம்பித்தார்.

"மாப்ள ஏரோப்ளேன் ஆபீசரு. இவுக கை காட்டலைன்னா ப்ளேனு கெளம்பாது, தெரியும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "அங்கன என்ன மாதிரி வேல தம்பி?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பக்கத்தில் அம்மா முகம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் பாக்கணுங்கய்யா" என்று சொல்லி, காப்பியைக் குடிக்கக் குனிந்துகொண்டேன். டம்ளரை நீட்டிய பெண் என் கையை ஒரு கணம் பார்த்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அம்மா அந்த வீட்டுக் கதையைச் சொன்னாள். மூத்த மகளை ஐந்து வருஷத்துக்கு முன்னால், மில்லில் கிளார்க் என்று சொல்லி ஒருவனுக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். கிளார்க்கும் இல்லை, மில்லும் இல்லை. குட்டு வெளிப்பட்டதும் ஆள் தலைமறைவு. அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். எங்களுக்கு முறுக்குத் தட்டு கொண்டுவந்து வைத்தது அவள்தானாம்.

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, நாம உண்மையச் சொல்லிருவோம்" என்றேன்.

"கல்யாணம் முடியட்டும், பெறகு சொல்லிக்கிருவோம்" என்றாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். தப்பு அவள் மேல் இல்லை. வாய் என்னுடையது.

வைகாசியில் நிச்சயம் என்று முடிவானது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அந்த நாள் வந்தது. உச்சி வெயில். தார்த்தரை கொதித்துக்கொண்டிருந்தது. விமானத்தில் கோழிப்பண்ணைக்காக அட்டைப்பெட்டிகளில் குஞ்சுகள் வந்திருந்தன. பொரித்து ஒரு நாள்கூட ஆகாத மஞ்சள் குஞ்சுகள், பெட்டிக்கு நூறு. நான் வாங்கி இறக்கும்போது ஒரு பெட்டியின் அடி பிய்ந்துவிட்டது. அவ்வளவுதான். நூறு குஞ்சும் கீச்சுக்கீச்சென்று நாலா பக்கமும் ஓட ஆரம்பித்தன. வெயில் தாங்காமல் எல்லாம் விமானத்தின் நிழலுக்குள் புகுந்தன. நான் தலைத்துண்டை விரித்துக்கொண்டு, முட்டி போட்டு, விமானத்துக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து பிடித்தேன். காக்கிச் சட்டையெல்லாம் எண்ணெயும் கரியும். விமானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான்.

துண்டு நிறையக் குஞ்சுகளோடு நிமிர்ந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பரளச்சிக்காரர் நின்றார். அவர் பின்னால் இரண்டு மகள்களும்.

நிச்சயப் புடவை எடுக்க மதுரைக்கு வந்தவர்கள், ஊருக்குத் திரும்புகிற வழிதானே, மாப்பிள்ளையின் ஆபீசைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இறங்கியிருக்கிறார்கள். வாசலில் வாட்ச்மேனிடம் என் பெயரைச் சொல்லி, ஆபீசர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கை நீட்டி, "அந்தா, கோழிக்குஞ்சு புடிக்கிறாருல்ல, அவருதான்" என்று சொல்லிவிட்டார்.

விமானம் நிற்பது அரை மணி நேரம்தான். விட்டுவிட்டுப் போக முடியாது. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷர். "என் சட்டையப் போட்டுக்க ரைட்டு. ஆள் பத்தலேன்னு ஆபீசரே இறங்கி வேல பாத்தாருன்னு நான் வந்து சொல்றேன்" என்றார். பொய் சொல்லக் கூடாது என்று உடனே தோன்றியதாக எழுதினால் அதுவும் பொய். ஆசையாகத்தான் இருந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டே யோசித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மூத்த மகள் புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. "வேண்டாம் சார், இப்படியே போறேன்" என்றேன்.

கட்டையை உருவினேன். விமானம் போனது. தப்பிப்போன ஒரே ஒரு குஞ்சு கட்டை கிடந்த இடத்தில் ஒண்டியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அவர்களிடம் போனேன்.

"ஐயா, நான் ஆபீசர் இல்ல. லோடர். தரகர் சொன்னது பொய். அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. என் தப்புத்தான்."

அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பை, "கீச்" என்றது. நான் கையால் பொத்தினேன். மறுபடியும், "கீச், கீச்." இளையவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அப்பா சிரிக்கவில்லை.

"மூட்ட தூக்குறது ஒண்ணும் கேவலமில்ல தம்பி. நானும் தூக்குறவந்தான்" என்றார். "எம் மூத்த மக வாழ்க்க ஒரு பொய்யில போச்சு. எளையவளையும் அதே குழியில தள்ளச் சொல்றீகளா?"

பஸ் வந்தது. மூவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

எட்டு நாள் ஒரு சேதியும் இல்லை. தரகர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. முடிந்துபோன சம்பந்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒன்பதாவது நாள் சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒங்கள வேண்டாம்னு சொல்லத்தான் கெளம்புனேன். மூத்தவ விட மாட்டேங்கிறா" என்றார். "எங்க வீட்டுக்காரரா இருந்தா நம்மளப் பாத்ததும் அந்தப் பக்கமா ஓடியிருப்பாருப்பா, இவரு எண்ணெய்ச் சட்டையோட நேரா வந்து நின்னாருல்ல, அது போதும்ங்கிறா. எளையவளக் கேட்டேன். ஆபீசர் கையி இப்பிடியா காச்சிருக்கும், எனக்கு அன்னைக்கே தெரியும்ங்கிறா. நான் என்ன செய்ய?"

என்னை அறியாமலே அவரைக் கும்பிட்டேன்.

"ஆனா ஒண்ணு. நிச்சயத்தன்னைக்கு சபையில ஒங்க வேல என்னன்னு நீங்களே சொல்லணும். ஒளிக்காம சொல்லணும்."

சரி என்றேன். அம்மாவிடம் சொன்னேன். "சொல்லுய்யா" என்றாள்.

பரளச்சியில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடியிருந்தது. எழுந்து நின்றேன். "நான் ஆபீசர் இல்லீங்க. ப்ளேன்ல சாமான் ஏத்தி எறக்குறேன். சக்கரத்துக்குக் கட்ட வைக்கிறேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மூலையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். "கட்ட வைக்கலேன்னா என்ன ஆகும்?"

"உருண்டு ஓடிரும்யா."

"அட, அம்புட்டுப் பெரிய ப்ளேனு உங்க கட்டையிலதான் நிக்கிதாக்கும்! அப்பறம் என்னத்துக்கு ஆபீசரு? தட்ட மாத்துங்கய்யா!"

கூடத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெண்ணின் அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது. கோழிக்குஞ்சுக் கதையை என் மனைவி பேரப்பிள்ளைகளுக்கு நடித்தே காட்டுவாள். நான் தவழ்ந்ததைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுவாள்.

பிற்பாடு மெக்கானிக்குகளுக்கு உதவியாளாக இருந்து, சூப்பர்வைசராகவும் ஆகி ஓய்வு பெற்றேன். ஆனால் என்னைக் கைதூக்கிவிட்டது அந்த மூத்தவள்தான். பொய்யால் அவ்வளவு பட்டவள், ஆண்கள் எல்லாருமே இப்படித்தான் என்று கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அப்படியும் என்னிடம் இருந்த கொஞ்ச நேர்மையை அவள் தேடிக் கண்டுபிடித்து நம்பினாள். அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவனாக இருக்க வேண்டும் என்ற முயற்சியில்தான் என் மீதி வாழ்க்கை முழுவதும் போயிருக்கிறது.