பின்சந்தில் சிரித்த பெண்

போன வாரம் சிரம்பானில் இருந்தேன். மலேசியாவில், கோலாலம்பூருக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தூரம். நண்பர் வீட்டுக் கல்யாணம் முடிந்து இரண்டு நாள் மிச்சம்... பழைய வியாதி தொற்றிக்கொண்டது. எந்த வெளியூருக்குப் போனாலும் ஓவியர்கள் புழங்கும் பகுதி எது என்று தேடுவேன். பார்க்காவிட்டால் குடி முழுகிவிடுமா என்ன? முழுகாது. ஆனாலும் தேடுவேன்.

ஊருக்குள் லோபாக் என்ற பகுதியில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம், "இங்க ஆர்ட்டிஸ்டுங்க இருக்கிற ஏரியா எது?" என்று கேட்டேன்.

"என்னா விசேஷம்ணே? பாட்டுக் குழுவா, டான்ஸா?" என்றார்.

நடந்தேன். டயர் கடை, பல் டாக்டர், பூட்டிய கடைகள், மண்டையைப் பிளக்கும் வெயில். கடைசியில் ஒரு பின்சந்தில், ஒரே ஒரு சுவரில், ஆள் உயரத்துக்கு ஓர் ஓவியம். அவ்வளவுதான் கலை.

மறுநாள் வாடகைக் காரில் ஏறினேன். ஓட்டியவர் சாந்தி. ஐம்பது வயதிருக்கும், லாபு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர், இப்போது சிரம்பானை ஒட்டிய பாரோயில் வீடு. அவரிடம் என் கண்டுபிடிப்பை அளந்துவிட்டேன்.

"ரப்பர் மரத்துகிட்ட ஒரு அம்மா. தலையில சிவப்புத் துண்டு. முன்பல் இல்லாம அப்படி ஒரு சிரிப்பு."

கார் ஓரமாக நின்றது.

"எடது பக்கப் பல்லாண்ணே? கன்னத்துல மச்சம் இருக்கா?"

இருந்தது.

"அது எங்க அக்கா" என்றார் சாந்தி. "நாலஞ்சு வருசம் முன்ன ஒருத்தர் எஸ்டேட்டுக்கு வந்து படம் புடிச்சாரு. சிரம்பான்ல வரையப் போறேன்னாரு. சும்மா சொல்றாருன்னு விட்டுட்டோம்லா."

அக்கா போன வருடம் சர்க்கரை முற்றி இறந்துவிட்டாராம்.

"பல்லு போனதுலேருந்து கேமராவக் கண்டாலே ஓடிருவா. அந்த ஆளுகிட்ட மட்டும் எப்படியோ சிரிச்சிட்டா. செத்தப்ப ஐசி படத்தத்தான் பெருசு பண்ணி மாலை போட்டோம். அதுல சிரிக்க முடியாதுல்ல? வீட்டுக்கு வர்றவங்கள எல்லாம் மொறைச்சிக்கிட்டே இருக்கா."

ஐசி என்றால் அடையாள அட்டை. ஒரு வாழ்க்கை முழுவதற்கும் மிஞ்சியது அந்த முறைப்பு மட்டும்தான்.

"அங்க போயிட்டுப் போலாமாண்ணே?"

போனோம்.

சந்தில் ஏணி நின்றது. அந்தச் சுவருக்குச் சொந்தமான கடைக்குப் புது ஆள் வந்திருக்கிறார் போல. சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து கீழாக. தலை போய்விட்டது, தோள் போய்விட்டது. ரப்பர் பால் வாளியும் இரண்டு கால்களும் மிச்சம்.

சாந்தி மலாயில் ஏதோ கேட்டார். வேலைக்காரர் தலையைச் சொறிந்தபடி பெயின்ட் உருளையைக் கீழே வைத்தார். அவர் என்ன செய்வார், பாவம்? முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாந்தி உள்ளங்கையை வைத்தார். பெயின்ட் ஒட்டியது. அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நேத்து நீங்க போன்ல படம் ஏதும் புடிச்சீங்களாண்ணே?"

எடுத்தேனே! அவசரமாகப் போனைத் திறந்தேன். பதினோரு படங்கள். பதினொன்றும் செல்ஃபி. எல்லாவற்றிலும் அந்த முகத்தை மறைத்துக்கொண்டு நான்தான் இளிக்கிறேன்.

சாந்தி ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஏழாவது படத்தை விரலால் பெரிதாக்கினார். என் தலைக்குப் பின்னால் ஒரு காது, ஒரு தோடு.

"அக்கா தோடுதான். இத மட்டும் அனுப்புங்கண்ணே."

அனுப்பினேன். "என்னை வெட்டிட்டு வெச்சுக்கோங்கம்மா" என்றேன்.

வெட்டினால் மிஞ்சுவது அந்த ஒரு காதுதான்.