லண்டனில் பார்த்த ஜோர்ஜியா சட்டசபை

1989 ஒக்டோபர். லண்டனில் எனக்கு நான்காம் நாள். காலை ஒன்பதரைக்கு வெம்பிளி பார்க்கில் சிவஞானம் அண்ணையோடு ரயில் ஏறினேன். மத்திய லண்டன் ஏழெட்டு மைல். அரை மணி நேரம்கூட ஆகாது. கொழும்பு நாடாளுமன்றத்தில் நாங்கள் இருவரும் தமிழ்ச் சுருக்கெழுத்தாளர்கள்; ஒரே மேசை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்தார்கள். நியமனக் கடிதமும் அதோடு போயிற்று. இப்போது லண்டன் அலுவலகங்களில் தரை துடைக்கிறார். நான் இன்னும் அதே மேசையில் இருக்கிறேன்.

ரயிலில், தன் அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நடந்த விசாரணையைப் பற்றிச் சொன்னார். நாடாளுமன்றத்தில் வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டாராம். அதைத் தேடித்தான் அண்ணை, பல நாட்டுச் சட்டசபைப் பதிவுகளை வைத்திருக்கும் இந்த நூலகத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார்.

பத்தரைக்கு உள்ளே போனோம். எங்கள் நாடாளுமன்றப் பேச்சுகளைப் பதிந்த ஹன்சாட் தொகுதிகள் வரிசையாக இருந்தன. பேசியவர் பெயரெல்லாம் உண்டு. எழுதியவர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. அண்ணை அடுத்த தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலச் சட்டசபையின் 1868ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்பு. அடிமைத்தனம் ஒழிந்தபின் மக்கள் தெரிவுசெய்து அனுப்பிய கறுப்பு உறுப்பினர்களை, பதவி வகிக்க உங்களுக்கு உரிமையில்லை என்று கூட இருந்தவர்களே வாக்கெடுத்து வெளியேற்றிய கூட்டத்தொடர் அது.

விரலை வைத்துக் காட்டினார். "பாரும், துரத்தப்பட்டவன்ரை பேரும் கிடக்கு, துரத்தினவன்ரை பேரும் கிடக்கு."

எங்கள் சபையில், தனிநாடு கேட்கமாட்டோம் என்ற புதிய சத்தியப்பிரமாணத்தை மறுத்து வடக்கு உறுப்பினர்கள் வராமல் விட்டபோது அண்ணை நாட்டிலேயே இல்லை. அந்த வெறுங்கதிரைகளுக்கு முன்னால் இருந்து எழுதியவன் நான்.

புத்தகத்தை மூடிவிட்டுத்தான் கேட்டார்.

"நீர் ஒரு கடிதம் தந்தால் காணும். ரெண்டுபேரும் ஒண்டா வேலை செய்தனாங்கள் எண்டு மட்டும் எழுதும்."

ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் மூன்று வருடம். அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன் அகதிக்குச் சாட்சி சொன்னது அங்கே தெரிந்தால்? கொழும்புக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

"ஓம், அவசரமில்லை."

அவசரம் இருந்தது. அடுத்த விசாரணை நவம்பரில். கீழே வந்து தேநீர் வாங்கித் தந்தார். ஒரு கோப்பை நாற்பது பென்ஸ். என்னைக் காசு கொடுக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹீத்ரோ வரை வந்து, என் பெட்டியையும் அவரே தூக்கினார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொழும்பில் இறங்கிய மறுநாளே வேலைக்குப் போனேன். கடிதம் எழுதவில்லை. தையில் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று அறிந்தேன்.

லண்டன் எப்படி என்று கேட்பவர்களுக்கு, நல்ல குளிர் என்று சொல்கிறேன்.