வாய்க்கால் கரையில் நான் கட்டிப்போட்ட நாய்

1959-ஆம் ஆண்டு ஆவணி மாதம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றினார்கள். கணவர் பட்டாளத்தில் வடக்கே எங்கோ இருந்தார். மாதம் ஒரு கடிதம் வந்தால் பெரிது. சீசன் முடிந்து குற்றாலத்தில் வீடுகள் காலியாகக் கிடந்த நேரம் என்பதால், அருவிக்குப் போகும் பாதையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வீடு எனக்குக் கிடைத்தது. சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பள்ளி விட்டு வந்தால் மறுநாள் காலை பஸ் ஏறும்வரை பேச ஆளில்லை.

சீசனுக்கு வந்த யாரோ விட்டுவிட்டுப் போன நாய் ஒன்று அந்தத் தெருவில் திரிந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். என்னென்னவோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவே இல்லை. ஒருநாள் சலித்துப்போய், ‘வாடா’ என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல், “வாலே” என்றேன். ஓடி வந்தது. அதுவே பெயராகிவிட்டது.

புரட்டாசியில் சாரல் அடியோடு நின்று வெயில் கொளுத்தியது. முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. நிழலாக இருக்கட்டும் என்று வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரை மருத மரத்தில் வாலேயைச் சங்கிலியால் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவேன். அவிழ்த்துவிட்டால் மலைப்பக்கம் போய்ச் சிறுத்தையிடம் மாட்டிக்கொள்ளும், குரங்கு கடித்துவிடும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அங்கே புல் அறுக்க வரும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், ஒருநாள் நின்று சொன்னாள்: “அங்கன நாயக் கட்டாதீய டீச்சர். ஐப்பசி பொறந்துட்டுன்னா வாய்க்கா கரை ஏறிரும்.”

“சாரல்தான் முடிஞ்சிட்டே. இனி என்ன மழை? நீ உன் வேலையைப் பாரு” என்றேன். நான் பிறந்தது திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில். மழையே அபூர்வம், வந்தால் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஊர். அவள் புல்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தென்காசியில் நல்ல வெயில். ஜன்னல் வழியே பார்த்தால் மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை, அப்படி ஒரு கறுப்பு. வாலே வாய்க்கால் கரையில் சங்கிலியில் கிடப்பது நினைவுக்கு வந்தது.

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் மேலகரம் தாண்டியதும் நின்றுவிட்டது. “ரோட்டுல தண்ணி போவுது. அருவியில பெருவெள்ளமாம். இனி வண்டி போவாது” என்றார் கண்டக்டர். இறங்கி நடந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அழுதுகொண்டே நடந்தேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தபோது வாய்க்கால் என்று ஒன்று இல்லை. எல்லாம் செந்தண்ணீர். மருத மரம் இடுப்பளவுக்கு முங்கி நின்றது. சங்கிலி தண்ணீரோடு விறைத்துக் கிடந்தது. அதன் முனையில் நாய் இல்லை.

எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. “டீச்சர், இங்கன வாங்க” என்று ஒரு குரல். பூட்டிய பக்கத்து வீட்டு மேல்படியில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். தலை முதல் கால் வரை சேறு. மடியில் சாக்குக்குள் வாலே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் முழங்கையில் ரத்தம் வழிந்தது.

“சங்கிலியக் கழத்த முடியல. கழுத்து வாரை அறுவாளால அறுத்துட்டேன். பயந்துபோயி கடிச்சிட்டு. அத அடிச்சிராதீய.”

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை அவளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நாய்க்கடி என்றால் அன்றெல்லாம் தொப்புளைச் சுற்றி ஊசி. நாயைப் பத்து நாள் கவனியுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாவிட்டால் ஊசியை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். பத்து நாளும் அவளோடு பஸ்ஸில் போனேன். ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் நாய் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். குடித்தது.

என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டேன், அந்த வெள்ளத்தில் ஏன் இறங்கினாய் என்று.

“கெடந்து கத்துச்சுல்லா டீச்சர். அந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?” என்றாள்.

பத்தாம் நாளோடு அவள் என்னோடு வருவது நின்றது. தை மாதம் கல்யாணமாகிச் செங்கோட்டைக்கு அப்பால் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு பார்க்கவே இல்லை.

வாலேயை அதன்பின் நான் கட்டவில்லை. மழை மாதம் முழுதும் மேட்டுப் பக்கத்து அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவேன். சில சாயங்காலம் நான் திரும்பும்போது அது இருக்காது. வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் சங்கிலி போட்டது சிறுத்தைக்குப் பயந்து இல்லை. திரும்பி வரும்போது எனக்கென்று ஓர் உயிர் அங்கே இருக்க வேண்டும் என்றுதான்.

இத்தனை வருஷம் கழித்தும், யாரையாவது ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று தடுத்து நிறுத்த வாயெடுக்கும்போது, அது உண்மையில் யாருடைய நல்லதுக்கு என்று ஒரு நிமிஷம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.