கூறை விரித்த கையில் ஒரு பெயர்

1. முறை

கலியாணப் பொம்பிளைக்கு எடுக்கும் கூறைச் சேலையைக் காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மடிப்பைப் பிரித்து, முந்தானையை இடது முன்கையில் போட்டு, லைட்டுக்குக் கீழே கொஞ்சம் சரித்துப் பிடிக்க வேண்டும். மேசையில் விரித்தால் சரிகைதான் தெரியும். தோலில் பட்டால்தான் அந்த நிறம் பொம்பிளைக்கு எடுக்குமா என்று தெரியும். அதனால் கூறைப் பிரிவில் நிற்கும் பிள்ளைகளின் முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது. இடது கையில் வளையலும் கூடாது, மணிக்கூடும் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடமும் ஃப்ளோர் சுப்பர்வைசர். எனக்கு வாய் நீளம் என்று பிள்ளைகள் பின்னால் கதைப்பது எனக்கும் தெரியும். வாய் நீளமில்லாமல் முகூர்த்த மாதத்தில் ஒரு கடையை நடத்திக் காட்டட்டும், பார்ப்போம்.

தர்ஷினி கொட்டாஞ்சேனைப் பிள்ளை. முதலில் சுடிதார் பிரிவில் இருந்தாள். அங்கே முழுக்கை யூனிபோர்ம். பட்டைத் தொடும் பக்குவம் அவளுடைய கையில் இருந்ததைக் கண்டு நான்தான் கூறைக்கு மாற்றினேன். அரைக்கை பிளவுஸோடு வந்து நின்ற முதல் நாள்தான் இடது முன்கையின் உட்புறத்தைப் பார்த்தேன். "நிரோஷன்" என்று பச்சை குத்தியிருந்தது. அச்செழுத்து இல்லை, யாரோ பேனையால் எழுதியதுபோலக் கொஞ்சம் சரிந்த எழுத்து.

"என்ன பிள்ளை இது?"

"தம்பிட பேர் மிஸ். அவன்ட கொப்பியில அவனே எழுதினது. அப்பிடியே வச்சுக் குத்தினேன்."

"தம்பி எங்க?"

"இல்ல மிஸ். ஒருகொடவத்தையில பைக்கில போகக்குள்ள கொண்டெய்னர் லொறி அடிச்சிட்டு."

"அச்சோ" என்றேன். அடுத்த நொடியே, கூறை எடுக்க வருகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்த யோசனை அதுதான்.

2. பவுண்டேஷன்

மூன்றாம் நாளே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அரக்குக் கூறை ஒன்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் முந்தானையைத் தூக்கிப் பார்த்தபோது கீழே பெயரைக் கண்டார்.

"ஆற்ற பேர் பிள்ளை?"

தர்ஷினிக்குப் பொய் வராது. "தம்பிட பேர் அன்ரி. செத்திட்டான்."

அந்த அம்மா சேலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "செத்தவன்ர பேருக்கு மேல போட்ட சேலையையோ என்ர மருமகளுக்குக் கட்டச் சொல்லுறியள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஏழெட்டுப் பேரும் படியிறங்கிப் போனார்கள்.

பின்னேரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா மங்கலச் சாமான் விக்கிற இடம் இது. ஒண்டில் அதை மறைக்கப் பாருங்கோ, இல்லாட்டி நிப்பாட்டுங்கோ. சுடிதாருக்கு வேற ஆள் எடுத்தாச்சு." தம்பி போன பிறகு அந்த வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். நிற்பாட்டினால் தாயும் மகளும் என்ன செய்வார்கள்?

மறைக்கப் பார்த்தோம். முகத்துக்குப் பூசும் பவுண்டேஷனை வாங்கி நானே அவளுடைய கையில் பூசினேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஏசி பழுதாகி, வியர்வையோடு கரைந்து ஒரு வெள்ளைப் பட்டில் பிரண்டு கறையாகிவிட்டது. பிளாஸ்டர் ஒட்டினால், "கையில என்ன புண்?" என்று கேட்டுத் தள்ளி நின்றார்கள்.

அப்போதுதான் என்னுடைய கெட்டித்தனம் வேலை செய்தது.

"கேட்டா, கட்டப் போறவரின்ர பேர் எண்டு சொல்லும்."

அவள் கையில் இருந்த சேலையை மடித்து வைத்தாள். பிறகு, "அது என்ட தம்பி மிஸ்" என்றாள்.

"தம்பிதான், ஆர் இல்லை எண்டது? வாயால ஒரு சொல்லு. ஆருக்கு நட்டம்? வேலை வேணுமோ வேண்டாமோ?"

வேலை வேண்டும் என்றாள்.

3. சந்தோஷமான கவுண்டர்

பொய் நன்றாக ஓடியது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. முன்னே முகம் சுளித்த அதே சனம் இப்போது சிரித்தது. "அப்ப உம்மட கூறையையும் ஒளிச்சு வச்சிட்டீரோ?" "நிரோஷன் என்ன வேலை?" "வெளிநாட்டிலயோ இங்கயோ?" பொம்பிளைப் பிள்ளைகள் அவளுடைய கையைப் பிடித்துப் போட்டோகூட எடுத்தார்கள். அவளைத் தேடி வந்தார்கள். முதலாளி என்னிடம், "பாத்தீங்களோ, விஷயம் முடிஞ்சுது" என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒவ்வொரு பகிடிக்கும் பிறகு அவள் வாஷ்ரூம் போய் வந்தாள். ஒருநாள் நான், "இந்தப் பிள்ளைக்கு என்ன அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா?" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். "சொறி மிஸ்" என்றாள், அவ்வளவுதான்.

முகூர்த்த மாதம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு கேட்டாள்.

"என்ன அலுவல்?"

"வீட்டில ஒரு அலுவல் மிஸ்."

"இந்த மாதம் ஆருக்கும் லீவு இல்லை எண்டு தெரியும்தானே."

தலையாட்டிவிட்டுப் போனாள். என்ன அலுவல் என்று நான் இரண்டாந்தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

4. வெள்ளிக்கிழமை

அன்று மத்தியானம் கடை நிறையச் சனம். மெலிந்த ஓர் அம்மா கையில் டிபன் கரியரோடு கூறைப் பிரிவு வாசலில் நின்றார். வாடிக்கையாளர் என்று நினைத்து உள்ளே வரச் சொன்னேன். "தர்ஷினிட அம்மா" என்றார்.

அதே நேரம் கவுண்டரில் நின்ற ஓர் அன்ரி, எங்களுடைய பழைய வாடிக்கை, நல்ல மனுஷி, தர்ஷினியின் கையில் தட்டிக் கேட்டார். "என்ன, உம்மட நிரோஷன் எப்பிடி இருக்கிறார்?"

"நல்லா இருக்கார் அன்ரி" என்றாள் தர்ஷினி. சொன்ன பிறகுதான் நிமிர்ந்து தாயைக் கண்டாள்.

"எப்ப கலியாணம்?" என்று அன்ரி கேட்டார்.

தாய் மெதுவாக வந்து டிபன் கரியரைக் கூறைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்து, "இண்டைக்கு மகன்ட திவசம் மிஸ். லீவு இல்லயெண்டு புள்ள சொன்னா. படைச்ச சோறு, ஒரு வாய் சாப்பிடட்டும் எண்டு கொண்டாந்தேன்" என்றார். பிறகு மகளின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நல்லா இருக்கானா புள்ள?"

கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தர்ஷினி கையில் இருந்த கூறையோடு அப்படியே நின்று அழுதாள். நான் அதை அவளுடைய கையிலிருந்து வாங்கினேன். அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மாதம் முடிய அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். சேர்விஸ் லெட்டர் வாங்க வந்தபோது, "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மிஸ்" என்றாள். பிழை என்னுடையது என்று அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "சரி பிள்ளை, போயிட்டு வாரும்" என்றேன்.

5. பாமசி

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அதே கடையில் கை நிறையப் பச்சை குத்திய பெடியன் கேஷில் இருக்கிறான். முதலாளியின் மகனுக்கே கழுத்தில் ஒன்று இருக்கிறதாம். இதற்குத்தானா அந்தப் பிள்ளையை அந்தப் பாடு படுத்தினோம் என்று இருக்கிறது.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசிக்குப் பிரஷர் மருந்து எடுக்கப் போனேன். கவுண்டரில் தர்ஷினி. எனக்கு முன்னால் நின்ற ஒரு முஸ்லிம் ஐயா அவளுடைய கையைப் பார்த்து, "யாருட பேர் மகள்?" என்று கேட்டார்.

"என்ட தம்பி. மௌத்தாகிட்டார் நானா." இறந்ததையும் "அண்ணன்" என்பதையும் அவருடைய பேச்சிலேயே சொன்னாள்.

"அல்லாஹ்" என்றார் அவர். "சின்ன வயசா?"

"பத்தொம்பது."

அவர் தலையை ஆட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தம்பிக்கு எத்தனை வயது என்பதையே அன்றுதான் நான் அறிந்தேன். அந்தப் பெயரை எப்படி மறைப்பது என்று அத்தனை நாள் யோசித்த எனக்கு, அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு பிள்ளையின் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தப் பிள்ளையின் வாயில் உங்களுடைய பொய்யை வைக்காதீர்கள்.

அன்றாவது தம்பியைப் பற்றிக் கேட்போம் என்று கவுண்டருக்குக் கிட்டப் போனேன். "மிஸ்" என்று சந்தோஷமாகத்தான் சிரித்தாள். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை வாங்க வலது கையை நீட்டினாள். இடது கை, அவள் அறியாமலே, கவுண்டருக்குக் கீழே போய்விட்டது.