ஒரு நிறுத்தம் முன்னதாக

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் அந்த அம்மாவை மாலைதோறும் பார்ப்பேன். பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். நரைத்த முடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். உட்கார இடம் கேட்க மாட்டார். யாராவது எழுந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் தன் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடப்பார். மழை கொட்டினாலும் அப்படித்தான்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"வீட்டுல மாமியா, மகன், மருமக, பேரப்புள்ளைகன்னு என்னையும் சேத்து ஒம்போது பேரு. கம்பெனிக் கோவத்தையும் கூட்டிட்டுப் போனா பத்தாயிரும். அதுக்குப் பாய் விரிக்க எடமில்ல தாயி. அதான் நடந்தே தொலைச்சிட்டுப் போறேன்."

"அப்ப வீட்டுக் கோவத்த என்ன செய்வீங்க?"

"காலைலயும் ஒரு ஸ்டாப் நடந்து வந்துதான பஸ் ஏறுறேன்."

என் வீட்டில் நானும் மாமியாரும் கணவரும் மட்டும்தான். மூன்று பேருக்கே இடம் போதவில்லை. மறுநாள் ஆபீஸில் எனக்கு நல்ல ஏச்சு. மாலையில் அந்த அம்மா இறங்கியதும் நானும் பின்னாலேயே இறங்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"செத்த தள்ளி வா தாயி. பேசிக்கிட்டே நடந்தா தீராது."

தள்ளியே நடந்தேன். அவர் தன் வீட்டுக்குள் போகும்போது யாரையோ பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. அவருக்கு ஒரு நிறுத்தம் போதும். எனக்கு அன்று நாலு நிறுத்தம் தேவைப்பட்டது.